புயலுக்கு ஈடுகொடுக்கும் மின்சாரம்: திருகோணமலையிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தீவையே புரட்டிப்போட்ட பின்னர், மின்விநியோகம் பற்றி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்தன. மின்கம்பி வேலையிலேயே தலை நரைத்தவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

நிலாவெளி, ஹோட்டல் ஊழியர்: ஐயா, கொழும்பில் சில தெருக்களில் கம்பியே கண்ணில் படுவதில்லை. இங்கும் எல்லாவற்றையும் நிலத்துக்கடியில் கொண்டுபோனால் புயல் பயம் தீர்ந்துவிடும் அல்லவா?

குறையும், தீராது தம்பி. நிலக்கீழ் கேபிளைக் காற்று ஒன்றும் செய்யாது. ஆனால் நீரும் உப்பும் அதற்குப் பகை. கடற்கரை மணலில் மாரிகாலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். இணைப்பு ஒன்றில் ஈரம் புகுந்தால் பழுது எங்கே என்று தேடவே நேரம் போகும். விழுந்த கம்பியையோ வழியில் போகிற யாரும் கண்டு சொல்லிவிடலாம். செலவும் தலைக்குமேல் செல்லும் கம்பியைவிடப் பல மடங்கு. ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி, நகரின் நெருக்கமான கடைத்தெருக்கள் ஆகியவற்றுக்கு நிலக்கீழ் கேபிள் சரி. நிலாவெளி, குச்சவெளி போன்ற நீண்ட கரையோரத்துக்கு உறையிட்ட கம்பியும் உறுதியான கொங்கிரீட் கம்பங்களும் போதும்.

கம்பங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. 60 கிலோமீற்றர் வேகக் காற்றில் அசையாத கம்பம் 120 கிலோமீற்றரில் நிற்கும் என்று எண்ணக் கூடாது. இந்தக் கரையில் அந்த வேகம் புதிதும் அல்ல. 1964, 1978, 2000 ஆண்டுப் புயல்களைக் கண்ட கிழக்குக் கரை இது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி கரையேறியதும் குச்சவெளிப் பக்கம்தான்.

தம்பலகாமம், இல்லத்தரசி: எங்கள் முற்றத்து வேம்பின் கிளைகளை வெட்ட வந்தபோது மாமியார் தடுத்துவிட்டார். மரத்தை வெட்டித்தான் மின்சாரம் தர வேண்டுமா?

மரத்தை வெட்ட வேண்டாம் மகள், கிளையை மட்டும் வெட்ட விடுங்கள். புயல் நேரத்தில் மின்சாரம் போவதற்கு மரங்களே முதற்காரணம். உங்கள் வேம்பின் ஒரு கிளை, ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் 33 கிலோவோல்ட் உயரழுத்தக் கம்பியில் சாய்ந்தால், அந்த மின்வழியில் தொங்கும் எல்லா மின்மாற்றிகளும் செத்துப்போகும். பல கிராமங்கள் இருளும். ஆகஸ்ட், செப்டம்பரில் கிளைகளைக் கழித்துவிட்டால் மாரி வருமுன் மரமும் தேறிவிடும். தென்னையைக் கழிக்க முடியாது. அதனால் கம்பிக்கு அருகில் தென்னம்பிள்ளை நடாதீர்கள். வீட்டுக்கு வரும் தாழ்வழுத்த வழியில் வெற்றுக் கம்பிகளை எடுத்துவிட்டு, உறையிட்டு முறுக்கிய கேபிள் போட்டால் கிளை உரசினாலும் தாங்கும். மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள், மனம் ஆறும்.

கிண்ணியா, ஆசிரியர்: சேர், புயலே இல்லாத நாளில், மெல்லிய தூறல் விழும்போது கம்பத்தின் உச்சியில் நீலமாக மின்னி, உஸ் என்ற சத்தம் வருகிறது. சிலவேளை மின்சாரமும் போய்விடுகிறது. ஏன்?

மிகவும் நல்ல அவதானிப்பு. கம்பியைத் தாங்கும் பீங்கான் காவலியில் மழையில்லாத மாதங்களில் கடற்காற்று உப்பைப் படியவைக்கிறது. காய்ந்த உப்பால் தொல்லையில்லை. பனியோ தூறலோ பட்டு நனைந்ததும் அது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். நீங்கள் கண்ட மின்னல் அந்தக் கசிவுதான். முற்றினால் காவலியின் மேற்பரப்பு முழுவதும் பொறி பாய்ந்து வழியே துண்டிக்கப்படும். பெருமழை உப்பைக் கழுவிவிடுவதால் அடைமழையில் வராத தடை தூறலில் வருகிறது. கரையோர வழிகளில் பீங்கானுக்குப் பதிலாக நீரை ஒட்டவிடாத சிலிக்கன் ரப்பர் காவலிகளைப் பொருத்துவதும், மழைக்கு முன் கழுவுவதும் இதற்குப் பரிகாரம். புயலுக்கு ஆயத்தமாவது என்றால் எல்லோரும் கோபுரங்களையே நினைக்கிறார்கள். இந்தக் காவலிகளை யாரும் நினைப்பதில்லை என்பது என் மனக்குறை.

மூதூர், கடை உரிமையாளர்: கூரையில் சூரியப் பலகை போட்டிருக்கிறேன். புயலன்று மின்சாரம் போனது, மறுநாள் நல்ல வெயில். ஆனாலும் என் கடை இருட்டு. ஏமாற்றப்பட்டேனா?

இல்லை. பலகையின் நேர்மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மாறுமின்சாரமாக மாற்றுவது இன்வேட்டர். பற்றரி இல்லாத சாதாரண இன்வேட்டர் மின்வலையின் துடிப்பை, அதாவது மின்னழுத்தத்தின் சீரான ஏற்ற இறக்கத்தை, பார்த்துத்தான் இயங்கும். வலையில் மின்சாரம் இல்லை என்றதும் அது தானாக நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பியைத் திருத்த ஏறியவரின் உயிரை உங்கள் கூரை எடுத்துவிடும். வெயிலைப் புயலுக்குப் பின்னும் பயன்படுத்த வேண்டுமானால் பற்றரியோடு கூடிய ஹைபிரிட் இன்வேட்டர் தேவை. அது வலையிலிருந்து உங்களைப் பிரித்துவிட்டுக் கடைக்கு மட்டும் மின்சாரம் தரும்.

வீட்டுக்கு வீடு இதைச் செய்வது பணமுள்ளவர்களுக்கே முடியும். ஆஸ்பத்திரி, குடிநீர்ப் பம்பு, மக்கள் தங்கும் பாடசாலை ஆகியவற்றுக்குப் பொதுப்பணத்தில் செய்வதே நியாயம். 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவின் மின்வலையை முழுவதும் வீழ்த்தியது. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் வர ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின. ஆனால் மலையூர் ஒன்றில் சூரிய மின்சாரமும் பற்றரியும் வைத்திருந்த சமூக நிலையம் இருளவில்லை. ஊரார் மருந்துகளைக் குளிரூட்டவும் மருத்துவக் கருவிகளை இயக்கவும் அங்கேதான் போனார்கள்.

திருகோணமலை நகரம், மாணவி: சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையம் வருகிறதே. புயலில் அது நமக்குக் கைகொடுக்குமா?

தானாகக் கொடுக்காது, பிள்ளை. மூதூர்க் கடைக்காரருக்குச் சொன்ன அதே காரணம்தான். வலை விழுந்தால் அந்த நிலையமும் நிற்கும். தானே துடிப்பை உண்டாக்கக்கூடிய இன்வேட்டர்களும் பெரிய பற்றரித் தொகுதியும் அதனுடன் சேர்ந்தால், நாட்டின் மற்றப் பகுதிகள் இருண்டிருக்கும்போதும் மூதூர், கிண்ணியா, நகரம் ஆகியவற்றைத் தனித் தீவாக இயக்க வழி பிறக்கும். அதைத் திட்டத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.

2025 பெப்ரவரி 9 உங்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதால் நாடு முழுவதும் இருண்டது. அது ஞாயிற்றுக்கிழமைப் பகல், மின்தேவை குறைவு, சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். மற்ற மின்நிலையங்களின் பெரிய சுழலும் இயந்திரங்கள் குறைவாக ஓடியதால் அதிர்ச்சியைத் தாங்கும் வலு வலையில் இருக்கவில்லை. இதைச் சொல்லிச் சூரிய மின்சாரத்தைப் பழிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. குறை பலகையில் இல்லை, பற்றரி சேர்க்காததில் இருக்கிறது.

உப்புவெளி, கடற்றொழிலாளர்: இந்தியாவோடு கம்பி இணைத்தால்?

பற்றாக்குறைக் காலத்துக்கு உதவும். ஆனால் உங்கள் தெருவில் கம்பம் விழுந்தால் டெல்லியிலிருந்து மின்சாரம் வந்தாலும் வீட்டுக்கு வராது.

கந்தளாய், அரச உத்தியோகத்தர்: மாவட்டத்துக்கென்று கொஞ்சப் பணம் தந்தால் முதலில் எதைச் செய்வீர்கள்?

ஒவ்வோர் ஊருக்கும் மின்சாரம் வர இரண்டாவது மின்வழி ஒன்று. நமது ஊர்களில் பெரும்பாலானவை ஒரே 33 கிலோவோல்ட் வழியின் கிளைகளில் தொங்குகின்றன. நடுவில் எங்காவது அறுந்தால் அதற்கு அப்பால் எல்லாம் இருட்டு. இரண்டு வழிகளின் நுனிகளை இணைத்து வளையமாக்கி, இடையிடையே தொலைவிலிருந்து இயக்கக்கூடிய சுவிட்சுகளை வைத்தால், பழுதான துண்டை மட்டும் கழற்றிவிட்டு மற்ற ஊர்களுக்கு மறுபக்கத்தால் மின்சாரம் கொடுக்கலாம். அவற்றோடு தானாக மீள இணைக்கும் கருவிகள். கிளை தட்டிவிட்டுப் போகும் தற்காலிகப் பழுதுகளே அதிகம், அவற்றுக்கு ஆளே போக வேண்டியதில்லை. அடுத்தது, கம்பங்களும் கம்பிச் சுருள்களும் உதிரிப்பாகங்களும் மாரிக்கு முன்பே மூதூர்ப் பக்கமும் நகரப் பக்கமும் தனித்தனியாக இருப்பில் இருக்க வேண்டும். மகாவலி பெருகி வீதி மூழ்கியபின் கம்பத்தை எதில் ஏற்றிக் கொண்டுபோவது?

சேருநுவர, அரிசி ஆலைக்காரர்: மின்தடையின்போது ஜெனரேட்டரை ஒரு பிளக் வழியாக வீட்டு வயரிங்கில் கொடுக்கிறோம். இதில் ஆபத்து உண்டா?

உண்டு, உடனே நிறுத்துங்கள். உங்கள் 230 வோல்ட் மின்மாற்றிக்குள் பின்பக்கமாகப் போய், மறுபக்கம் 33,000 வோல்ட்டாக வெளியே வரும். கம்பி செத்துவிட்டது என்று நம்பித் தொடுபவர் ஒரு தொழிலாளியாகவோ அயல்வீட்டுப் பிள்ளையாகவோ இருக்கலாம். தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். ஒருபக்கம் திருப்பினால் வலை, மறுபக்கம் திருப்பினால் ஜெனரேட்டர், இரண்டும் ஒருபோதும் சேராது. ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைக்காதீர்கள், அதன் புகை ஆளைக் கொல்லும். வெள்ளம் ஏறிய வீடாக இருந்தால், பிளக் பொயின்டுகள் காய்ந்து, வயரிங்கைச் சோதித்து முடியும்வரை பிரதான சுவிட்சைத் தொடவே வேண்டாம்.