தோனே ஆறு ஏன் டோக்கியோ விரிகுடாவில் கலப்பதில்லை?

கேள்வி: ஜப்பான் வரைபடத்தில் தோனே ஆறு டோக்கியோவை நோக்கி வந்து, பிறகு கிழக்கே திரும்பி பசிபிக்கில் கலக்கிறதே, ஏன்?

திரும்பியது ஆறு இல்லை, திருப்பியது மனிதர்கள். 400 வருடங்களுக்கு முன்பு அது டோக்கியோ விரிகுடாவில்தான் கலந்தது. 1590-இல் தோகுகவா இயேயாசு (பின்னாளில் ஜப்பானை ஆண்ட ஷோகன்) எதோவுக்கு (இன்றைய டோக்கியோ) வந்தபோது சுற்றிலும் சதுப்பு நிலம், அடிக்கடி வெள்ளம். 1594-இல் ஒரு கிளையை அடைத்ததில் தொடங்கிய வேலை, 1654 வாக்கில் தண்ணீர் பசிபிக் கரையிலுள்ள சோஷி ஊர் வழியாகக் கடலுக்குப் போகும்வரை நீண்டது. மேற்பார்வை தோகுகவா அரசின் அதிகாரிகளான இனா குடும்பத்தார், தலைமுறை தலைமுறையாக.

வெள்ளத் தடுப்புதான் காரணம் என்று பலரும் எழுதுவார்கள். எனக்கென்னவோ சதுப்பை வயலாக்குவதும் படகு விடுவதும் அதே அளவுக்கு முக்கியமாகப் படுகின்றன. சோஷியிலிருந்து சரக்குப் படகுகள் தோனேயில் எதிர்நீச்சல் போட்டு எதோ ஆறு பிரியும் செகியாதோ வரை ஏறி, அங்கிருந்து அந்த ஆற்றில் இறங்கித் தலைநகருக்கு வரும். கடலைச் சுற்ற வேண்டியதில்லை. சோஷியும் நோதாவும் சோயா சாஸுக்குப் பேர்போன ஊர்களானதில் இந்த நீர்வழிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் ஆறு பழைய வழியை மறக்கவில்லை. 1947 செப்டம்பரில் கேத்லீன் புயல் மழையில், டோக்கியோவுக்கு வடக்கே உள்ள சைதாமாவில் கரை உடைந்தது. வெள்ளம் பழைய தடத்தைப் பிடித்துத் தெற்கே இறங்கி, சில நாட்களில் டோக்கியோவின் கத்சுஷிகா பகுதிக்குள் புகுந்துவிட்டது.