ஹைப்ரிட் காரில் இரண்டு பேட்டரி: வாசகர் கேள்வி-பதில்

பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் சின்ன ஹைப்ரிட் கார் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் கேட்ட கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டேன். நானும் ஆறு வருடமாக அப்படி ஒரு வண்டிதான் ஓட்டுகிறேன். அதனால் கையேட்டில் இருப்பதோடு பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: வேலைக்குப் போய்வர தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அதே அளவு பெட்ரோல் காரைவிட ஹைப்ரிட் விலை கூடுதல். கூடப் போடும் பணம் திரும்ப வருமா?

அந்த 30 கிலோமீட்டரில் எத்தனை தடவை நின்று நின்று போகிறீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஹைப்ரிட் மிச்சம் பிடிப்பது அங்கேதான். சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைந்துவிடும். வேகம் குறைக்கும்போது சாதாரண வண்டியில் பிரேக் சூடாகி வீணாகிற சக்தியில் ஒரு பங்கை, மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பிடித்து பேட்டரியில் போடும். மறுபடி நகரும்போது அந்த மின்சாரமே வண்டியைத் தள்ளும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிற ஆளுக்கு இப்படி மீட்டெடுக்க அதிகம் கிடைக்காது. அங்கேயும் லாபம் உண்டு, ஆனால் குறைவு.

சரி, கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு, பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், ஹைப்ரிட் 22 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் 10,000 கிலோமீட்டர் ஓடினால் ஒன்றுக்கு 667 லிட்டர், மற்றதற்கு 455 லிட்டர். மிச்சம் 212 லிட்டர். இதை உங்கள் பங்க் விலையால் பெருக்கி, கூடுதல் விலையை அந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை வருடம் என்று வந்துவிடும். நீங்கள் வண்டியை வைத்திருக்க நினைக்கும் காலத்தைவிட அது அதிகமாக இருந்தால், பணத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 15-இலிருந்து 22-க்குப் போனால் 212 லிட்டர் மிச்சம். 22-இலிருந்து 27-க்குப் போனால் அதே தூரத்துக்கு மிச்சம் 84 லிட்டர்தான். மைலேஜ் எண் எவ்வளவு ஏறியது என்று பார்க்காமல், வருடத்துக்கு எத்தனை லிட்டர் குறையும் என்று பாருங்கள்.

கேள்வி: நான் பார்த்த இரண்டு கார்களிலும் பின்னால் ‘ஹைப்ரிட்’ என்று எழுதியிருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம். எல்லாம் ஒன்றுதான் என்கிறார் விற்பவர்.

ஒன்று இல்லை. மைல்ட் ஹைப்ரிட்டில் இருக்கும் சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் அதனால் தனியாக வண்டியை இழுக்க முடியாது. முழு ஹைப்ரிட்டில் இன்ஜின் அணைந்திருக்கும்போதே மோட்டார் மட்டும் வண்டியை ஓட்டும். பிளக்-இன் ஹைப்ரிட்டில் பேட்டரி இன்னும் பெரிது, வெளியே சொருகி சார்ஜ் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றாமலே ஓட்டினால் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு போவதுதான் மிச்சம்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஓட்டிப் பார்க்கும்போது, இன்ஜின் சூடான பிறகு, ஒரு சமதளத்தில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதியுங்கள். இன்ஜின் சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்தால் அது முழு ஹைப்ரிட். ‘தானே சார்ஜ் ஆகும்’ என்ற விளம்பரத்தையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பிளக் இல்லாத ஹைப்ரிட்டில் ஒவ்வொரு துளி மின்சாரமும் நீங்கள் போட்ட பெட்ரோலிலிருந்து வந்ததுதான்.

கேள்வி: இரண்டு வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்தால் வண்டிக்கு உயிரே இல்லை. பெரிய பேட்டரி போய்விட்டதா? பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள், மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். படுத்தது சின்ன 12 வோல்ட் பேட்டரியாகத்தான் இருக்கும். எனக்கும் இதே அனுபவம்தான். மூன்று வாரம் நின்ற வண்டி; ரிமோட்டை அழுத்தினேன், கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள்ளே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை உருவி, கைப்பிடி ஓரத்தில் இருந்த துவாரத்தில் போட்டுத் திறந்தேன். உள்ளே உட்கார்ந்து பவர் பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டில் விளக்குகள் மங்கலாக மினுங்கிவிட்டு அணைந்தன. உள்ளே எங்கேயோ ரிலே, அதாவது மின் இணைப்பைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச், டக் டக் என்று அடித்துக்கொண்டது. உதவிக்கு வந்த மெக்கானிக் நேராக ‘ஹைப்ரிட் பேட்டரி மாற்ற வேண்டும்’ என்றார். நல்லவேளை, நான் அவசரப்படவில்லை. மாற்ற வேண்டியிருந்தது 12 வோல்ட் பேட்டரியைத்தான்.

காரணம் இதுதான். எல்லா கார்களிலும் இருப்பதுபோல ஹைப்ரிட்டிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. வண்டியின் கணினிகளை எழுப்புவதும், பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை மூடுவதும் அதன் வேலை. அது செத்துவிட்டால் பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வெளியே வர வழியில்லை. முழு ஹைப்ரிட்டில் பெரும்பாலும் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. பெரிய மோட்டார்களில் ஒன்றே இன்ஜினைச் சுற்றிவிடும். அதனால் இந்தச் சின்ன பேட்டரிக்கு பாரமான வேலை ஏதும் இல்லை. நோஞ்சான் ஆகிக்கொண்டிருந்தாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. சாதாரண காரில் காலையில் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகும், நாம் உஷாராகிவிடுவோம். இங்கே அந்த முன்னறிவிப்பு இல்லை. நேற்று வரை ஓடியது, இன்றைக்கு இல்லை.

ஜம்ப் கொடுக்க, அதாவது வேறொரு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு வண்டியை எழுப்ப, இன்ஜினைச் சுற்றுமளவு கரண்ட் வேண்டாம், கணினிகள் விழித்தால் போதும். பல மாடல்களில் 12 வோல்ட் பேட்டரி பின்சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ இருக்கும். சிலவற்றில் அதற்கான பாசிட்டிவ் முனையை பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியிலேயே கொடுத்திருப்பார்கள். கையேட்டில் அந்தப் பக்கத்தை இன்றைக்கே புரட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவையும் நெகட்டிவையும் மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்; இங்கே அந்தத் தவறுக்கு ஆகும் செலவு சாதாரண காரைவிடப் பெரிது. உங்கள் ஹைப்ரிட்டிலிருந்து அடுத்தவர் வண்டிக்கு ஜம்ப் கொடுப்பதையும் பல கையேடுகள் வேண்டாம் என்றே சொல்கின்றன.

மாற்றும்போது கடையில் இருக்கிற ஏதோ ஒன்றை வாங்காதீர்கள். பேட்டரி பயணிகள் பகுதிக்குள் இருப்பதால், அதிலிருந்து வரும் வாயுவை வெளியே விட ஒரு சின்னக் குழாய் இணைப்பு உண்டு. அந்த இணைப்பு உள்ள, கையேடு சொல்லும் வகையாகவே இருக்க வேண்டும். பழைய பேட்டரியை எடுத்தவர் அந்தக் குழாயைத் திரும்ப மாட்டினாரா என்று நீங்களே குனிந்து பாருங்கள். என் வண்டியில் அது கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டி அதிகம் ஓடாதென்றால் வாரம் ஒருமுறை, முடிந்தால் ஒரு மணி நேரம், வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கு எரியும் நிலையில் வையுங்கள். வெறும் பவர் ஆன் போதாது. ரெடி எரிந்தால்தான் பெரிய பேட்டரி சின்னதுக்குச் சார்ஜ் கொடுக்கும். ஆனால் மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யவே செய்யாதீர்கள். இடையில் இன்ஜின் தானாக ஓடத் தொடங்கும், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. சத்தம் இல்லை, வண்டி அணைந்திருக்கிறது என்று நினைத்து ரெடியில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போகிறவர்களும் இருக்கிறார்கள். இறங்குமுன் அந்த விளக்கைப் பார்ப்பது வழக்கமாகட்டும்.

கேள்வி: ஒன்பது வருடம் ஆன, 1,10,000 கிலோமீட்டர் ஓடிய ஹைப்ரிட் கார் விலைக்கு வருகிறது. பெரிய பேட்டரியை நினைத்தால் தயக்கம்.

தயக்கம் நியாயமானதுதான், ஆனால் வயதை மட்டும் பார்த்துத் தள்ளிவிட வேண்டாம். டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். கால் நூற்றாண்டுக்கு மேல் சாலையில் அடிபட்ட தொழில்நுட்பம் இது. பேட்டரி நீடிக்க முக்கியமான காரணம், வண்டி அதை முழுக்கக் காலியாக்குவதும் இல்லை, முழுக்க நிரப்புவதும் இல்லை. நடுவில் ஒரு பங்கை மட்டும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். அதனால் டாஷ்போர்டில் பேட்டரி அளவைக் காட்டும் கோடுகள் நிறைவதே இல்லை என்று கவலைப்பட வேண்டாம்.

அதைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான். இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் வாங்குகிறவரிடம் சொல்வதில்லை. பல சின்ன ஹைப்ரிட்களில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டின் பக்கவாட்டில், கால் படும் உயரத்தில், ஒரு சின்ன ஜன்னல்போல பிளாஸ்டிக் கம்பித் தடுப்பு தெரியும். அதன் வழியாகத்தான் ஒரு மின்விசிறி வண்டிக்குள்ளிருக்கும் காற்றை இழுத்து பேட்டரியைக் குளிர்விக்கிறது. நான் முதன்முதலில் அந்தத் தடுப்பைக் கழற்றியபோது பின்னாலிருந்த வலையில் தூசியும் தலைமுடியும் துணி நூலும் சேர்ந்து கம்பளித் துண்டுபோலப் படிந்திருந்தது. விரலால் உரித்தால் ஒரே தகடாக வந்தது. மூச்சு அடைத்த பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? பார்க்கப் போகும் வண்டியில் முதலில் அங்கே குனிந்து பாருங்கள். வீட்டில் நாய் பூனை வளர்த்தவரின் வண்டி என்றால் இரண்டு முறை பாருங்கள். வாங்கிய பிறகும் அந்த இடத்தின் மேல் பையோ போர்வையோ போடாதீர்கள்.

அப்புறம், அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அந்தப் பேட்டரிக் கோடுகள் சில நிமிடத்துக்குள் மேலே ஏறுவதும் சரசரவென்று கீழே விழுவதுமாக இருந்தால் கொள்ளளவு குறைந்துவிட்டது என்று அர்த்தம். சும்மா நிற்கும்போது இன்ஜின் அடிக்கடி எழுந்து அணைந்தாலும், பின்சீட் பக்கம் விசிறி விடாமல் இரைந்தாலும் சந்தேகப்படுங்கள். ஹைப்ரிட் தெரிந்த ஒருவரை அழைத்துப் போய், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் கருவியைப் போடச் சொல்லுங்கள். பேட்டரி ஒரே கட்டி கிடையாது, மாட்யூல் எனப்படும் பல சின்னத் துண்டுகள் சேர்ந்தது. முதல் தலைமுறை டொயோட்டா அக்வாவில் 7.2 வோல்ட் மாட்யூல்கள் 20 சேர்ந்து 144 வோல்ட். ஸ்கேனரில் ஒவ்வொரு தொகுதியின் வோல்டேஜும் தெரியும். வண்டியை நன்றாக மிதித்து ஓட்டும்போது ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றைவிடத் தனியாகச் சரிந்தால் அங்கே நோய் இருக்கிறது.

‘போன வருடம்தான் பேட்டரி மாற்றினேன்’ என்று சொன்னால், முழுசாகவா, ஒன்றிரண்டு மாட்யூலா என்று கேட்டு, பில்லையும் வாங்கிப் பாருங்கள். பழையவற்றுக்கு நடுவே ஒன்றை மட்டும் மாற்றினால் எச்சரிக்கை விளக்கு அணையும், வண்டி ஓடும். ஆனால் கூட இருப்பவையும் கெட்டுப்போனதன் வயசுதான். கொஞ்ச நாளில் அடுத்தது போகும். விற்பதற்காகச் செய்யப்படும் வேலை பெரும்பாலும் இதுதான். 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பெரிய பேட்டரிக்குப் பரவலாகத் தரப்படும் வாரண்டி. நீங்கள் பார்க்கும் வண்டி வயதில் அதைத் தாண்டியது, ஆகவே புதிய பேட்டரியின் விலையை விசாரித்துக்கொண்டு, அதை மனதில் வைத்து பேரம் பேசுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்று லேசாகச் சந்தேகம் வந்தாலும் விட்டுவிடுங்கள். பேட்டரி எங்கே இருக்கிறது என்று மேலே சொன்னேனே.

கேள்வி: விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் எனக்கு வரவே இல்லை. மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.

மிகவும் மெதுவாக ஓட்டுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்ஜின் வரக்கூடாது என்று ஊர்ந்துகொண்டே போனால் பேட்டரி இறங்கும். பிறகு அதை நிரப்ப இன்ஜின் வேலை செய்தாக வேண்டும், ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் சக்தி போய்விடும். கிளம்பும்போது தயங்காமல் அளவாக மிதித்து வேகம் எடுங்கள். வேகம் வந்ததும் காலைத் தளர்த்துங்கள், வண்டி மின்சாரத்துக்கு மாறிக்கொள்ளும். சிக்னல் சிவப்பு என்று தெரிந்ததும் தூரத்திலிருந்தே மெதுவாக பிரேக்கைத் தொடுங்கள். கடைசி நிமிடத்தில் அழுத்தி மிதித்தால் பிரேக் பேடுதான் வேலை செய்யும், பேட்டரிக்கு வந்து சேருவது குறையும். நெரிசலில் நிற்கும்போது நியூட்ரலில் போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள். அந்த நிலையில் பேட்டரி சார்ஜ் ஆகாது.

இன்னொன்று, பயண தூரம். குளிர்ந்த இன்ஜின் தன்னையும் புகையைச் சுத்தம் செய்யும் கருவியையும் சூடாக்கிக்கொள்ள முதல் சில நிமிடம் ஓடியே தீரும். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இரண்டு கிலோமீட்டர் என்றால் எந்த ஹைப்ரிட்டும் நல்ல மைலேஜ் தராது. சின்னச் சின்ன வேலைகளை ஒரே சுற்றில் முடித்துப் பாருங்கள். டயர் காற்றையும் பாருங்கள். திரையில் வரும் எண்ணை விட்டுவிட்டு, டேங்க் நிரப்பி அடுத்த முறை நிரப்பும் வரை ஓடிய தூரத்தை லிட்டரால் வகுங்கள். நாலைந்து முறை எழுதிவைத்தால் உண்மை தெரியும்.

கேள்வி: கியரில் ‘பி’ என்று ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து இருக்கிறதே, அதில் ஓட்டினால் அதிகம் சார்ஜ் ஆகுமா?

டொயோட்டா வகை ஹைப்ரிட்களில் அது நீண்ட இறக்கத்துக்கு. பேட்டரி, வண்டி அனுமதிக்கும் மேல் அளவைத் தொட்டுவிட்டால் மேலும் சக்தியை வாங்க முடியாது. அப்போது இன்ஜினைச் சுற்றவைத்து வண்டியைப் பிடித்து நிறுத்த அது உதவும். சமதளத்தில் அதில் ஓட்டினால் நஷ்டம்தான்.

கேள்வி: நடு வழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்கலாமா?

வேண்டாம். சின்ன ஹைப்ரிட்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் ஓடுபவை, மோட்டார் அந்தச் சக்கரங்களோடு நேரடியாக இணைந்திருக்கும். சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். பாகங்கள் பழுதாகலாம், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. முழு வண்டியையும் மேலே ஏற்றும் பிளாட்பெட் லாரியாக வரச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால் முன்சக்கரம் இரண்டும் தரையைத் தொடாதபடி தூக்கித்தான் இழுக்க வேண்டும். போனில் பேசும்போதே ஹைப்ரிட் என்று சொல்லிவிடுங்கள். வந்தவர் பானெட்டைத் திறந்தால், ஆரஞ்சு நிறக் கேபிள் எதிலும் கைவைக்க விடாதீர்கள். உயர் அழுத்த மின்சாரம் ஓடுவது அவற்றில்தான்.