சோயா பாலில் பச்சை வாடை ஏன் போவதில்லை?

கேள்வி: மாட்டுப்பால் குடித்தால் என் பத்து வயது மகனுக்கு வயிறு கலங்குகிறது. அதனால் சோயா பீன்ஸை இரவில் ஊறவைத்து, காலையில் அரைத்து வடிகட்டி, பொங்கியதும் இறக்கிக் கொடுக்கிறேன். பச்சை வாடை போகவில்லை, வயிறும் உப்புகிறது. நான் வாங்கும் பருப்புதான் காரணமா?

பதில்: பருப்பைக் குறை சொல்வதற்கு முன், நீங்கள் அடுப்பை அணைக்கும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். சோயா பால் கொதிநிலையை எட்டுவதற்கு முன்பே நுரைத்துப் பொங்கிவிடும். அப்போதே இறக்கினால், புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் செயலிழக்காமல் பாலிலேயே தங்கிவிடும். ஆகவே பாலைப்போல் இரு மடங்கு கொள்ளும் பாத்திரத்தில் ஊற்றி, பொங்கும்போது தீயைத் தணித்து, நுரை அடங்கி நடுவில் குமிழிகள் புரண்டு வரத் தொடங்கிய பிறகு, அடிபிடிக்காமல் கிளறியபடி 15 முதல் 20 நிமிடம் கொதிக்க விடுங்கள்.

வாடையோ அரைக்கும்போதே உண்டாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் முழுதாக நீங்காது. விதை உடைந்து தண்ணீரும் காற்றும் பட்டவுடன், அதிலுள்ள ஒரு நொதி எண்ணெய்ச் சத்தைச் சிதைப்பதே காரணம். எனவே ஊறிய பருப்பை வடித்து, கொதிக்கும் நீரில் 5 நிமிடம் போட்டெடுத்து, அந்த நீரையும் கொட்டிவிட்டு, புதிய வெந்நீர் விட்டு அரையுங்கள். சூடானதை மிக்ஸி ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பினால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். 100 கிராம் காய்ந்த பருப்புக்கு மொத்தம் 800 மில்லி தண்ணீர் போதும்.

வெந்நீரில் போடுவது நல்லதென்றால் குக்கரில் நாலு விசில் விடுவது இன்னும் நல்லதுதானே என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. பருப்பு முழுதாக வெந்தால் புரதம் உள்ளேயே இறுகி, சக்கையோடு போய்விடும். வாடை இருக்காது, ஆனால் பாலும் நீர்த்து, நாக்கில் சுண்ணாம்புபோல் மாவாய் ஒட்டும். அப்படி வேகவைத்துவிட்டீர்கள் என்றால் சுண்டலாகத் தாளித்துவிடுங்கள், பாலுக்கு வேண்டாம்.

உப்புசத்துக்கு, சோயாவில் உள்ள செரிக்காத சர்க்கரைகளும் ஒரு காரணம். அவை கொதித்தாலும் அழியா. ஊறவைத்த நீரோடு ஓரளவு வெளியேறும். அதனால் அந்த நீரை அரைக்கப் பயன்படுத்தாதீர்கள். முதலில் அரை டம்ளர் மட்டும் கொடுத்துப் பாருங்கள். கோடையில் 6 முதல் 8 மணி நேரம் ஊறினால் போதும், அதற்குமேல் புளித்துவிடும்.

இனி பருப்பு. விதைக் கடையில் வாங்கவே வாங்காதீர்கள். விதைப்புக்கான சோயாவில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். கழுவினால் போய்விடும் என்று சொல்லும் வியாபாரியை நம்ப வேண்டாம். மளிகைக் கடையிலோ பழைய சரக்கைப் புதியதோடு கலந்து விற்பதும் உண்டு. பொட்டலத்தில் அடைத்த தேதி இருக்கும், அறுவடை செய்த ஆண்டு இருக்காது. அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான்கைந்து மணிகளைக் கடித்துப் பாருங்கள். சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை வந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். பொத்தானை அமுக்கினால் பால் தயார் என்று இயந்திரம் விற்க வரும் முகவரிடம், உள்ளே பால் எத்தனை நிமிடம் கொதிக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

வீட்டுச் சோயா பாலில் கால்சியம் மாட்டுப்பாலைவிட மிகக் குறைவு என்பதால், பையனுக்குக் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் தவறாமல் கொடுங்கள். மீந்த பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.