பழைய இயங்குதளங்கள்: கேள்வியும் பதிலும்

கேள்வி: உலகின் முதல் இயங்குதளம் எது? போட்டித் தேர்வுப் புத்தகங்களில் ஆளுக்கொரு விடை தருகிறார்கள்.
– வாசகி, தருமபுரி

பதில்: பெரும்பாலும் சொல்லப்படும் விடை, 1956-இல் ஐபிஎம் 704 கணினிக்காக ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனமும் சேர்ந்து எழுதிய 'ஜிஎம்-என்ஏஏ ஐ/ஓ'. ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வேலையைத் தானே ஏற்றி ஓட்டுவதுதான் அதன் பணி. பலர் ஒரே நேரத்தில் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு முன்னோடி எது என்று கேட்டால், எம்ஐடி-யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் 1961 நவம்பரில் இயக்கிக் காட்டிய 'சிடிஎஸ்எஸ்' என்று சொல்ல வேண்டும். புத்தகங்கள் முரண்படுவதற்குக் காரணம், இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான். சிடிஎஸ்எஸ்ஸின் மூலநிரல் கிடைத்திருக்கிறது. ஐபிஎம் 7094 கணினியைப் போலவே நடந்துகொள்ளும் சிமுலேட்டர் மென்பொருளில் அதை இன்றும் ஓட்டலாம்.

கேள்வி: யூனிக்ஸின் முதல் பதிப்பு இப்போதும் ஓடுகிறது என்று படித்தேன். அத்தனை பழைய டேப்பை எப்படிக் கெடாமல் வைத்திருந்தார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலைக் காப்பாற்றிக் கொடுத்தது டேப் அல்ல, காகிதம். நியூ ஜெர்சியில் முர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில், 1969-இல் கென் தாம்சன் யூனிக்ஸை முதலில் எழுதியது பிடிபி-7 என்ற கணினியில். அதன் நினைவகம் 18 பிட் அகலமுள்ள 8,192 சொற்கள்தான். அடுத்து அது பிடிபி-11/20 கணினிக்கு மாறியது. முதல் கையேட்டில் உள்ள தேதி 1971 நவம்பர் 3.

அந்தப் பதிப்பின் கர்னல் மூலநிரல் டேப்பிலோ வட்டிலோ மிஞ்சவில்லை. 1972 ஜூன் மாதத்தில் ஆய்வகத்துக்குள் தயாரான ஒரு விளக்க ஆவணத்தில் அதன் அசெம்பிளி நிரல் (இயந்திரக் கட்டளைகளுக்கு நெருக்கமான மொழியில் எழுதியது) அச்சாகியிருந்தது. அதன் ஸ்கேன் பிரதி கிடைத்ததும், வாரன் டூமி தொடங்கிய யூனிக்ஸ் மரபுச் சங்கத்தைச் சேர்ந்த தன்னார்வலர்கள் 2008-இல் வேலையை ஆரம்பித்தார்கள். எழுத்துணரி மென்பொருள் இப்படிப்பட்ட தாளில் சுழியத்தையும் 'ஓ' எழுத்தையும் மாற்றிப் படிக்கும். 1 என்ற எண்ணைச் சிறிய 'எல்' என்று எடுத்துக்கொள்ளும். அசெம்பிளி நிரலில் ஒரு எழுத்து பிசகினாலும் முகவரி மாறிவிடும். அதனால் வரிவரியாகக் கண்ணால் ஒப்பிட வேண்டியிருந்தது. அதை இயந்திரக் குறியீடாக மாற்றும் இன்றைய அசெம்பிளர்களுக்கு அந்தப் பழைய எழுத்துமுறை புரியாது என்பதால், பிற்கால யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் அசெம்பிளரையே கொஞ்சம் திருத்திப் பயன்படுத்தினார்கள்.

கர்னல் எழுந்தாலும் அதில் ஓட்டுவதற்குக் கட்டளை நிரல்கள் வேண்டுமே! அவை வேறொரு பழைய டேப்பில் கிடைத்தன, ஆனால் சற்றுப் பிந்திய காலத்தவை. ஓடுநிரலின் தொடக்கத்தில் ஓர் அடையாள எண் இருக்கும். கர்னல் எதிர்பார்த்தது எட்டடிமான முறையில் 405. டேப்பிலிருந்த சில நிரல்களில் இருந்ததோ 407. கர்னலில் அதற்கும் இடம் சேர்த்த பிறகுதான் அவை ஓடின.

பிடிபி-7 காலத்து நிரலும் அச்சுத்தாள்களாகவே கிடைத்து 2016-இல் உயிர்பெற்றது. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் நிரல் அந்தத் தாள்களில் இல்லாததால் புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். 2019-இல் சியாட்டிலில் இருந்த லிவிங் கம்ப்யூட்டர்ஸ் அருங்காட்சியகம் அதை உண்மையான பிடிபி-7 கணினியிலேயே ஓட்டிக் காட்டியது. அடுத்த ஆண்டே அந்த அருங்காட்சியகம் மூடப்பட்டது. 2024-இல் அதன் சேகரிப்புகள் ஏலத்துக்குப் போயின. அந்த இயந்திரத்தை மட்டும் நம்பியிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றுபோயிருக்கும். நிரலின் பிரதி பல நாடுகளில் பலரிடம் இருப்பதால் யூனிக்ஸுக்கு அந்தக் கதி நேரவில்லை.

கேள்வி: சிம்எச் சிமுலேட்டரில் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை நிறுவினேன். எல்லாமே பெரிய எழுத்தில் வருகிறது, பேக்ஸ்பேஸ் தட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நின்றுவிடுகிறது, 'சிடி' கட்டளையும் வேலை செய்யவில்லை. இமேஜ் ஃபைல் கெட்டுப்போயிருக்குமா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் இமேஜ், அதாவது வட்டின் முழுப் பிரதியான கோப்பு, நன்றாகவே இருக்கிறது. நீங்கள் சொல்லும் மூன்றும் 1975-இன் இயல்பான நடத்தைகள்.

அன்றைய டெலிடைப் 33 முனையத்தில் பெரிய எழுத்து மட்டுமே உண்டு. அதனால் ஆறாம் பதிப்பின் கர்னல், கன்சோலைத் திறக்கும்போதே 'எல்கேஸ்' என்ற கொடியை, அதாவது பெரிய எழுத்துக்கான அமைப்பை, ஏற்றி வைத்துவிடும். சுவிட்ச் ரிஜிஸ்டரில் (கணினி முகப்புச் சுவிட்சுகளின் மதிப்பில்) 173030 வைத்து ஒற்றைப் பயனர் நிலையில் தொடங்கினால் அந்தக் கொடி அப்படியே இருக்கும். 'எஸ்டிடிஒய்' கட்டளைக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியுடன் 'எல்கேஸ்' என்று கொடுங்கள், சரியாகிவிடும். எழுத்துகள் சிதைந்து வந்தால் அது வேறு கோளாறு: எட்டாவது பிட் பாரிட்டியாக (பிழை சோதிக்கும் பிட்டாக) வெளியே போகிறது. சிமுலேட்டரில் டிடிஓ என்ற வெளியீட்டுக் கருவியை 7 பிட் நிலைக்கு மாற்ற வேண்டும்.

அடுத்தது பேக்ஸ்பேஸ். இன்றைய விசைப்பலகைகள் பலவற்றில் அந்த விசை அனுப்புவது 127 என்ற 'டெலிட்' குறியீடு. ஆறாம் பதிப்பில் நிரலை நிறுத்தும் குறியீடே அதுதான். ஒரு எழுத்தை அழிக்க # விசையையும், முழு வரியையும் அழிக்க @ விசையையும் தட்டுங்கள். கோப்புறை மாற 'சிஎச்டிஐஆர்' என்று முழுதாக எழுத வேண்டும்.

ஆர்கே05 வட்டின் இமேஜ் சரியான அளவில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: 203 சிலிண்டர், 2 பக்கம், 12 செக்டர், 512 பைட், ஆக மொத்தம் 24,94,464 பைட். இதில் 4,872 பிளாக்குகள் அடக்கம். முதல் 4,000 பிளாக் கோப்பு முறைமைக்கு, மீதி 872 ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாதபோது நிரல்களை ஒதுக்கிவைக்கும் இடம்). சில இமேஜ்களில் ஸ்வாப் பகுதியை வெட்டிவிட்டு 4,000 பிளாக்கோடு நிறுத்தியிருப்பார்கள். அதனால் அளவு குறைவாக இருப்பதே கெட்டதற்கு அடையாளம் ஆகாது. சிபியு-வை 11/40 என்று அமைத்து, வட்டை ஆர்கே0-வில் இணைத்து, பூட் செய்து, @ குறி வந்ததும் 'யூனிக்ஸ்' என்று தட்டினால் போதும்.

மிக முக்கியமானது வெளியேறும் முறை. கோப்பு முறைமையின் மாற்றங்கள் முதலில் நினைவகத்திலேயே நிற்கும். பல பயனர் நிலையில் 'அப்டேட்' என்ற நிரல் 30 விநாடிக்கு ஒருமுறை அவற்றை வட்டில் எழுதும். ஒற்றைப் பயனர் நிலையில் அது ஓடாது. எனவே 'சிங்க்' கட்டளையை இரண்டு மூன்று முறை கொடுத்த பிறகே கன்ட்ரோல்-ஈ அழுத்தி சிமுலேட்டருக்குத் திரும்புங்கள். 'எஃப்எஸ்சிகே' அந்தக் காலத்தில் கிடையாது. 'ஐசெக்', 'டிசெக்' என்ற இரண்டு நிரல்களால்தான் வட்டைச் சோதிக்க வேண்டும். பழுதைக் கையால் சரிசெய்வதற்குப் பொறுமை வேண்டும். சிமுலேட்டர் இமேஜ் ஃபைலின் மேலேயே எழுதுகிறது என்பதால் மூலப் பிரதியை வேறு இடத்தில் வைத்துவிட்டு, நகலில் மட்டும் விளையாடுங்கள்.

கேள்வி: இவற்றையெல்லாம் பதிவிறக்குவது சட்டப்படி சரியா?
– வாசகர், திருச்சி

பதில்: ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். யூனிக்ஸின் முதல் ஏழு பதிப்புகளையும் 32வி பதிப்பையும் கால்டெரா நிறுவனம் 2002 ஜனவரியில் யாரும் பயன்படுத்தி மாற்றிப் பகிரலாம் என்ற பிஎஸ்டி பாணி உரிமத்தில் திறந்துவிட்டது. பழைய சிறு கணினிகளில் ஓடிய சிபி/எம் இயங்குதளத்துக்கு 2001-இல் ஓர் இணையதளத்தின் பெயரில் அனுமதி வந்தது. அது எல்லோருக்கும் பொருந்தும் என்று 2022-இல் உரிமையாளர் தரப்பே தெளிவுபடுத்தியது. எம்எஸ்-டாஸ் 1.25, 2.0 இரண்டின் மூலநிரலும் 2018-இல் அதே போன்ற எம்ஐடி உரிமத்தில் வந்தன, 4.00 பதிப்பு 2024-இல். பழையது என்பதாலேயே ஒன்று பொதுச்சொத்து ஆகிவிடாது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 1980-களின் 8 அங்குல, 5¼ அங்குல ஃபிளாப்பிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. சில உறைகளில் சிபி/எம், வேர்ட்ஸ்டார் என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பதை எடுக்க முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: முடியும். ஆனால் டிரைவ் கிடைத்ததும் ஃபிளாப்பியைப் போட்டுப் பார்த்துவிடாதீர்கள். முதலில் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, டிரைவின் ஹெட் (படிக்கும் முனை) தொடும் நீள்வட்டத் திறப்பு வழியாக, சாய்ந்த வெளிச்சத்தில் மேற்பரப்பைப் பாருங்கள். வெண்புள்ளிகளோ திட்டுகளோ தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே சுழலவிட்டால் ஹெட் அதை இழுத்துக் காந்தப் பூச்சையும் சுரண்டிவிடும். அடுத்துப் போடும் நல்ல ஃபிளாப்பிக்கும் அதே கதி. பூஞ்சை இருந்தால் உறையின் ஓர் ஓரத்தைக் கத்தரித்து வட்டை வெளியே எடுத்து, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணியால் நடுவிலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள். முதலில் விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் சோதியுங்கள். துணியில் பழுப்பு நிறம் ஒட்டினால் பூச்சு உதிர்கிறது என்று பொருள், உடனே நிறுத்துங்கள்.

அடுத்தது எழுத்துப் பாதுகாப்பு. பலர் ஏமாறும் இடம் இது. 5¼ அங்குல ஃபிளாப்பியில் பக்கவாட்டு வெட்டை ஸ்டிக்கரால் மூடினால் அதில் எழுத முடியாது. 8 அங்குலத்தில் நேர் எதிர்: வெட்டு திறந்திருந்தால்தான் எழுத முடியாது, மூடினால் எழுதலாம். பழக்கதோஷத்தில் 8 அங்குலத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டினால் இருந்த பாதுகாப்பும் போய்விடும்.

டிரைவையும் கணினியையும் இணைக்க கிரீஸ்வீசில் அல்லது கிரையோஃப்ளக்ஸ் என்ற மின்சுற்றுப் பலகையைப் பயன்படுத்துங்கள். இவை செக்டர்களை (தடத்தில் பிரித்துவைத்த தரவுத் துண்டுகளை) படிப்பதில்லை. காந்தப் புலம் மாறும் நேர இடைவெளிகளை அப்படியே பதிவு செய்கின்றன. ஒரு டிராக்குக்கு (வட்டின் ஒரு வட்டத் தடத்துக்கு) 3 முதல் 5 சுற்றுகள் பதிவு செய்துகொண்டால், வட்டு எந்த வடிவமைப்பில் இருந்தாலும் பிறகு மென்பொருளால் பிரித்தெடுக்கலாம். ஒருமுறை படித்த பிறகு ஃபிளாப்பி உதிர்ந்துபோனாலும் அந்தப் பதிவு நிற்கும். அதனால் அந்த மூலப் பதிவை ஒருபோதும் அழிக்காதீர்கள். ஒவ்வொரு ஃபிளாப்பிக்குப் பிறகும் ஹெட்டைத் துடையுங்கள்.

5¼ அங்குலத்துக்கு 1.2 மெகாபைட் டிரைவே போதும். அது அங்குலத்துக்கு 96 டிராக் படிக்கும். உங்கள் 360 கிலோபைட் வட்டுகளில் இருப்பது 48 டிராக் என்பதால், ஒன்றுவிட்டு ஒன்று நகரச் சொல்ல வேண்டும். படிக்க மட்டுமே இந்த வழி. அதன் ஹெட் குறுகலானது என்பதால் பழைய வட்டில் எழுதினால் பழைய தடத்தின் ஓரங்கள் அழியாமல் நின்று, பிறகு எந்த டிரைவிலும் சரியாகப் படிக்காது.

8 அங்குல டிரைவ்தான் உண்மையான தலைவலி. ஷுகார்ட் 801 வகையில் வட்டைச் சுழற்றும் மோட்டார் நேரடியாக மாறுமின்சாரத்தில் ஓடுகிறது; இதர பாகங்களுக்கு 24 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தனியே வேண்டும். மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அமெரிக்காவிலிருந்து வந்த டிரைவ் 60 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற கப்பியோடு இருக்கும். நம் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 360 சுற்று வர வேண்டியது 300-ஆகக் குறைந்துவிடும். வோல்ட்டேஜை மாற்ற டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் இது தீராது. 50 ஹெர்ட்ஸ் கப்பியும் பெல்ட்டும் போட வேண்டும். இணைப்பு 50 பின், பலகையில் 34 பின். இடையே அடாப்டர் வேண்டும்.

கேரி கில்டால் 1974-இல் எழுதத் தொடங்கிய சிபி/எம்மின் 8 அங்குல வடிவம் ஒன்றே ஒன்றுதான் பொதுவானது: 77 டிராக், 26 செக்டர், 128 பைட், ஆக 2,56,256 பைட். முதல் இரண்டு டிராக் இயங்குதளத்துக்கு. தருக்க வரிசையில் செக்டர்கள் 1, 7, 13, 19, 25, 5 என்று ஆறாறாகத் தாவும். இதை மறந்தால் கோப்புகள் துண்டுதுண்டாகக் கலைந்து வரும். 5¼ அங்குலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனி வடிவம் வைத்திருந்தது. அது எது என்ற குறிப்பு பெரும்பாலும் வட்டில் இருக்காது. எனவே எந்தக் கணினியில் பயன்படுத்தியது என்பதைப் பழைய ஊழியர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். உறை, லேபிள் இரண்டையும் படம் எடுத்து, ஒவ்வொரு பதிவுக்கும், கோப்பு மாறவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் எஸ்எச்ஏ-256 கூட்டெண்ணும் குறித்து வையுங்கள்.

அழித்த கோப்புகளும் கிடைக்க வாய்ப்புண்டு. சிபி/எம் ஒரு கோப்பை அழிக்கும்போது 32 பைட் அட்டவணைப் பதிவின் முதல் பைட்டை பதினாறடிமான இ5 ஆக்குகிறது, அவ்வளவே. வேர்ட்ஸ்டார் என்ற எழுத்து மென்பொருளில் அடித்த கடிதங்களைத் திறந்ததும் சொற்களின் கடைசி எழுத்து குப்பையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்: அந்த மென்பொருள் அங்கே எட்டாவது பிட்டை ஏற்றி வைக்கும். எல்லாப் பைட்டிலும் அந்தப் பிட்டை நீக்கினால் கடிதம் படிக்கக் கிடைக்கும். ஆனால் இதை நகலில் செய்யுங்கள். அந்தப் பிட்டுகளும் ஆவணத்தின் பகுதிதான்.

கேள்வி: எங்கள் கல்லூரியின் பழைய ஆய்வகத்தில் அரை அங்குல டேப் சுருள்களும் கட்டுக்கட்டாக அச்சுத்தாள்களும் கிடக்கின்றன. எடைக்குப் போடச் சொல்கிறார்கள்.
– பேராசிரியர், சென்னை

பதில்: தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். 2025-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகச் சேமிப்பறையில் கிடைத்த ஒரு டேப்பில் யூனிக்ஸ் நான்காம் பதிப்பு இருந்தது. கர்னலை சி மொழியில் திருப்பி எழுதிய பதிப்பு அது. அதற்கு முன் கையேடும் கொஞ்சம் நிரலும்தான் உலகில் மிஞ்சியிருந்தன. கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் அந்த டேப்பின் அனலாக் சமிக்ஞையையே பதிவு செய்து, பிறகு மென்பொருளால் பிட்டுகளாக்கினார்கள்.

உங்கள் சுருள்களை எந்த டிரைவிலும் மாட்டாதீர்கள், சுற்றியும் பார்க்காதீர்கள். கடலோர ஈரப்பதத்தில் டேப்பின் பசை நீரை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். ஓட்டினால் பூச்சு ஹெட்டில் ஒட்டி உரிந்துவிடும். ஆய்வக அடுப்பில் 50 முதல் 55 டிகிரியில் பல மணி நேரம் சீராகச் சூடாக்கினால் தற்காலிகமாகச் சரியாகும், ஆனால் அதைத் தெரிந்தவர்களே செய்ய வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் டேப்பைச் சூடாக்கவே கூடாது. சுருளின் பின்புறப் பள்ளத்தில் பிளாஸ்டிக் வளையம் இருந்தால் கழற்றிவிடுங்கள். வளையம் இல்லாத டேப்பில் டிரைவ் எழுதாது. லேபிளைப் படமெடுத்து, சுருளைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, குளிர்ந்த உலர்ந்த அறையில் வையுங்கள்.

தாள்களை இன்றே தொடங்கலாம். மடிப்புகளைக் கிழிக்காமல், 400 டிபிஐ அல்லது அதற்கு மேல், கருப்பு-வெள்ளையாக அல்லாமல் சாம்பல் நிறச் சாயல்களோடு ஸ்கேன் செய்து, டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். மங்கிய ரிப்பனில் அடித்த 8 எண்ணையும் 'பி' எழுத்தையும் பிரித்தறிய அந்தச் சாயல்தான் உதவும். ஓரங்களில் கையால் எழுதிய திருத்தங்கள் இருந்தால் வெட்டிவிடாமல் தாளின் முழு அகலத்தையும் எடுங்கள்.