லெப்ரடோர் குட்டிக்குக் கல்சியம் சிரப் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் லெப்ரடோருக்கு எட்டு மாதம். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரித் துள்ளுகிறது. படுத்தால் எழும்பச் சிரமப்படுகிறது. குட்டி நாய்க்கான பைக்கற் சாப்பாடு, அதோடு மீன் சோறு, இரண்டும் வயிறு நிறையக் கொடுக்கிறோம். கல்சியம் காணாது என்று பக்கத்து வீட்டு அண்ணன் சிரப் வாங்கித் தந்தார். கொடுக்கலாமா? (வாசகி, கல்லடி)

பதில்: வேண்டாம். பைக்கற் சாப்பாட்டிலேயே தேவையான கல்சியம் இருக்கிறது. வளரும் பெரிய இன நாய்க்கு அதற்கு மேல் ஊற்றினால் எலும்பு வளர்ச்சி கெடும்.

நீங்கள் சொல்லும் துள்ளல் நடை ‘ஹிப் டிஸ்பிளேசியா’வாக இருக்கலாம். தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் இறுக்கமாக உட்காராமல் ஆடுகிறது. பரம்பரையாக வருவதுதான். ஆனால் அது எவ்வளவு மோசமாகும் என்பதில் உங்கள் சோற்றுக் கோப்பைக்கும் பங்குண்டு. அமெரிக்காவில் 48 லெப்ரடோர் குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு அதன் சோடியை விட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் முடிவு வந்தது. குறைவாகத் தின்றவற்றுக்கு மூட்டுத் தேய்வு பிந்தியே வந்தது. ஆயுளும் ஏறத்தாழ இரண்டு வருடம் கூடியது. நம் ஊரில் நாய் கொழுத்தால்தான் வீட்டுக்காரருக்குப் பெருமை, என்ன செய்ய!

விலாவை விரலால் வருடிப் பாருங்கள். எலும்பு இலேசாகத் தட்டுப்பட வேண்டும். அமத்தித் தேட வேண்டியிருந்தால் மீன் சோற்றை நிறுத்துங்கள். டைல்ஸ் தரையில் கால் வழுக்காமல் சாக்கு விரியுங்கள். மாடிப்படி, பந்துக்குத் துள்ளுவது எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். காலையில் கடற்கரையின் ஈர மணலில் கொஞ்சத் தூரம் மெதுவாக நடத்துங்கள். நீச்சலும் நல்லதுதான், ஆனால் வாவியில் இறக்காதீர்கள், முதலை இருக்கிறது.

இதற்கிடையில் கால்நடை வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தொடையைப் பிடித்து அசைத்துப் பார்த்தாலே மூட்டு ‘கிளிக்’ என்று இடம் மாறுவது சில நாய்களில் கைக்குத் தெரியும். எக்ஸ்ரேயை மயக்க ஊசி போட்டு எடுப்பார்கள், பயப்பட வேண்டாம். காய்ச்சலோ மூட்டு வீக்கமோ இருந்தால் இரத்தமும் சோதிக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலிலும் நாய் நொண்டும். வலிக்கிறதே என்று பனடோலோ இபுபுரூபனோ கொடுத்துவிடாதீர்கள். பனடோல் ஈரலைக் கெடுக்கும், மற்றது குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நாய்க்கென்றே வலி மருந்து இருக்கிறது; வைத்தியர் எடை பார்த்து எழுதித் தருவார்.

ஒன்று மட்டும்: எக்ஸ்ரேயில் இது உறுதியானால் இந்த நாயில் குட்டி எடுக்காதீர்கள். யாராவது ஆசையாகக் கேட்டாலும்தான்.