செப்டம்பரில் திருநெல்வேலி வயல்வெளி வழியாகப் பைக்கில் ஒரு நாள் சுற்ற எந்த வழி நல்லது?

கேட்டவர் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். அங்கே செப்டம்பரில் இலை பழுக்கிற சமயம், விளைநிலங்களுக்கு நடுவே ஆற அமரப் பைக் ஓட்டுகிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் அப்படிப் போக முடியுமா, எந்த வழி என்பது கேள்வி.

தாராளமாகப் போகலாம். இங்கே இலை பழுக்காது, நெல் பழுத்துக் கிடக்கும்.

தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு போகம். ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் அணையைத் திறந்தால் நடுவது கார் போகம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 மாதிரி நெல் 110 நாளைக்குக் கொஞ்சம் முன்பின்னாக அறுப்புக்கு வந்துவிடும். கணக்குப் போட்டால் செப்டம்பர் கடைசி. அதன்பின் ஐப்பசி மழையோடு இரண்டாம் போகமான பிசானத்துக்கு நாற்றுப் பாவ ஆரம்பித்துவிடுவார்கள். நடுவில் புரட்டாசியில் கிடைப்பது இரண்டு மூன்று வாரம்தான். காற்றும் ஒரு காரணம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நூறு சிசி வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும். லாரியை ஓவர்டேக் செய்யும்போது சாமியெல்லாம் நினைவுக்கு வரும். புரட்டாசியில் அது அடங்கிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள். மழை பொய்த்து அணை காலியாக இருந்த வருஷம் கார் சாகுபடி பெயருக்குத்தான் இருக்கும். ஜூன் மாதம் அணை திறந்தார்களா என்று பேப்பரில் பார்த்துவிட்டு லீவு போடுங்கள்.

நான் போனது போன வருஷம் செப்டம்பர் கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமையை வேண்டுமென்றே விட்டேன். புரட்டாசிச் சனி என்றால் பெருமாள் கோயில் கூட்டத்தில் திருவேங்கடநாதபுரம் பக்கம் வண்டி நகராது. பழைய ஸ்பிளெண்டர், இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு, அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் ஆறு மணிக்குக் கிளம்பி மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், பத்தமடை வழியாக அம்பை ரோட்டைப் பிடித்தேன். காலையில் மேற்கே போய் மாலையில் கிழக்கே திரும்பினால் இரண்டு வேளையும் வெயில் முதுகில்தான் விழும். இதை மாற்றிச் சுற்றிவிட்டு, கண் கூசுகிறது என்று புலம்பிய நண்பர்கள் எனக்கு உண்டு.

சேரன்மகாதேவி தாண்டியதும் வேகத்தை நாற்பதுக்குக் குறைத்துவிடுங்கள். இங்கிருந்து கல்லிடைக்குறிச்சி வரை கன்னடியன் கால்வாய் பக்கத்திலேயே வரும். நாம் மேற்கே போக, தண்ணீர் எதிரே வந்துகொண்டிருக்கும். கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி வெட்டியதாகக் கதை. ஒரு பசுவின் பின்னால் போ, அது நிற்கிற இடத்தில் அணை கட்டு, நடக்கிற வழியில் கால்வாய் வெட்டு, கோமியம் விடுகிற இடத்தில் மடை வை, படுக்கிற இடத்தில் குளம் வெட்டு என்று அகத்தியர் சொன்னாராம். கால்வாய் எந்த நேர்கோட்டையும் மதிக்காமல் வளைந்து வளைந்து போவதைப் பார்த்தால், மாடு மேய்ந்த தடம்தான் என்று நம்பத் தோன்றும்.

காருக்குறிச்சி பக்கம் நானும் அந்த மாடு மாதிரி ரோட்டை விட்டு இறங்கிவிட்டேன். மெயின் ரோட்டில் வாசம் கிடையாது, ஐயா. உள்ளே போனால்தான் அறுத்த தாளின் பச்சை வாசமும், சேற்று வாசமும், பெல்ட் வைத்த அறுப்பு மெஷின் விடுகிற டீசல் புகையும் கலந்து வரும். ஒரு வயல் மஞ்சள், அடுத்தது அறுத்த தாள், அதற்கடுத்ததில் தண்ணீர் கட்டி வாத்து விட்டிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான வாத்து ஒரே சமயத்தில் திரும்புவதை வண்டியை ஆஃப் செய்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் தின்றுவிட்டு வயலுக்கு எருப் போட்டுவிட்டுப் போகும். சில வயலில் ஆட்டுக்கிடையும் அமர்த்துவார்கள்.

வண்டி ஓட்டுகிறவருக்கு இந்த மாதத்தின் பெரிய ஆபத்து ரோட்டில் காயும் நெல். பாதி ரோட்டை அடைத்து, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். அதில் பிரேக் பிடித்தால் கோலிக்குண்டு மேல் நடந்த மாதிரி சறுக்கும். ஒரு வளைவில் நான் தடுமாற, புளியமரத்து நிழலில் இருந்து ஒரு ஆச்சி சத்தம் போட்டாள்.

“எய்யா, நெல்லு மேல ஏத்திராத. ஓரமா இறங்கிப் போயிரு.”

“களத்துல போடலாம்லா ஆச்சி?”

“களம் தூரமுல்லா கிடக்கு. தார் ரோடுன்னா ஒரு வெயில்ல காஞ்சிரும். நீ பாத்துப் போ.”

எனக்குக் கோபம் வரவில்லை. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால் நஷ்டம் யாருக்கு? நான் ஓரமாகவே போனேன். ஓரமாகப் போனதற்குப் பரிசாக ஒரு உடைமுள், பின் டயரில்.

அரை கிலோமீட்டர் தள்ளினேன். அறுப்பு மெஷினுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் பஞ்சர் கடைக்காரருக்கு போன் போட்டார். கடைக்காரர் வருகிற வரைக்கும் வரப்பில் உட்கார்ந்து பேச்சு. எவ்வளவு நிலம் என்றேன். ஏக்கரில் சொல்வார் என்று பார்த்தால், “மூணு கோட்டை விதைப்பாடு தம்பி” என்றார். ஒரு கோட்டை என்பது பழைய முகத்தல் அளவையில் 21 மரக்கால். அத்தனை விதை பாவுகிற நிலம்தான் ஒரு கோட்டை விதைப்பாடு. திருநெல்வேலிச் சீமைக்கு உரிய இந்தக் கணக்கை என் அப்பா வாயால் கேட்டதோடு சரி. மகன் சென்னையில் இருக்கிறானாம், அவனுக்கு இதை விளங்கவைக்கவே முடியவில்லையாம். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. பஞ்சருக்கு நூற்றைம்பது ரூபாய். அந்தப் பயணத்தில் நான் செலவழித்ததிலேயே லாபமான காசு அதுதான்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்காமல் வந்தால் வீட்டில் விடமாட்டார்கள், வாங்கினேன். அம்பையில் சாப்பாடு. பாபநாசம் பக்கம்தான் என்றாலும் போகவில்லை. அது தனியாக ஒரு நாளுக்கான இடம். ஆழ்வார்குறிச்சி வழியாகக் கடையம் ரோட்டில் திரும்பினேன். மலை இடதுபக்கம் கூடவே வரும். உச்சி மேகத்தில் மறைந்திருக்க, கீழே வெயிலடிக்கும்போதே நாலு தூறல் விழும். கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். புதுச்சேரியிலிருந்து வெளியே வந்தபின், 1918 முதல் 1920 வரை பாரதி இங்கேதான் இருந்தார்.

அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது டிவிஎஸ் எக்ஸ்எல்லில் காளி வந்து இறங்கினாள். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் கொடி ஏறியிருந்த வாரம், வேஷம் போட்டுக் காணிக்கை வாங்குகிற பக்தர் அவர். நீலம் பூசிய முகம், முதுகில் கட்டிய மரக் கைகள், கழுத்தில் மண்டையோட்டு மாலை. அத்தனை கையையும் வைத்துக்கொண்டு வண்டிக்கு ஸ்டாண்ட் போட அவர் பட்ட பாடு பெரும்பாடு. கடைக்காரர், “அண்ணாச்சிக்குச் சீனி கம்மியா ஒரு டீ” என்று உள்ளே குரல் கொடுத்தார். காணிக்கை போட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டேன்.

பாவூர்சத்திரத்தில் கிழக்கே திரும்பியதும் நாடே மாறிவிடும். காலை முழுக்கப் பார்த்த மஞ்சளும் தண்ணீரும் காணாமல் போய்ச் செம்மண், பனை, தூரத்தில் காற்றாலைகள். அடியில் விழுந்து நைந்த பனம்பழ வாசம் ஹெல்மெட்டுக்குள்ளேயே வரும். நாலு வழிச்சாலைக்காகப் பழைய சாலையோர மரங்கள் போய்விட்டதால் ரோட்டில் ரசிக்க ஒன்றும் இல்லை. ஆலங்குளம் தாண்டி ஒரு கிளை ரோட்டில் இறங்கி நின்றேன். உழுது போட்ட மானாவாரிக் காடு, ஒரு பயிர் கிடையாது. டிராக்டர் பக்கத்தில் நின்றவரிடம் மேற்கே எல்லாம் அறுப்பு நடக்கிறதே என்றேன். “அவங்களுக்கு அணைத் தண்ணி. எங்களுக்கு இனிமேதானய்யா மழையே” என்றார். உளுந்து விதைக்கப் போகிறாராம், முதல் மழைக்கு முன்னாடியே.

இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிடுங்கள். அறுப்புக் காலத்தில் பொழுது சாய்ந்தால் பூச்சி கண்ணில் மொய்க்கும். வைசர் இல்லாத ஹெல்மெட் என்றால் அழுதுகொண்டேதான் ஓட்ட வேண்டும், நான் ஓட்டினேன். மீட்டரில் 128 கிலோமீட்டர்.

மறுநாள் வண்டி கழுவும்போது செயின் கவருக்குள்ளிருந்து ஒரு கைப்பிடி வைக்கோல் வந்தது. பக்கத்து வீட்டு ஆட்டுக்கு நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆயில் வாசம் போல.