முகாமில் பிள்ளையை அடிக்கும் தாயிடம் என்ன சொல்வது?

கேள்வி: போராலோ வெள்ளத்தாலோ இடம்பெயர்ந்து முகாமில் இருக்கும் பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதைத் தடுக்க என்ன செய்யலாம்? தொண்டராகப் போகப் போகிறேன். புத்திமதி சொன்னால் கேட்பார்களா?

கேட்கமாட்டார்கள். நானும் கேட்டிருக்கமாட்டேன்.

2009 மே மாதம், இலங்கைப் போரின் கடைசியில், வன்னியிலிருந்து வந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தேன். ஒரு கூடாரத்துக்குள் இரண்டு குடும்பம், சுற்றிவர முள்ளுக்கம்பி. என் மகனுக்கு அப்போது ஏழு வயது. ஒருநாள் தண்ணீர் பௌசர் (தண்ணீர் கொண்டுவரும் தாங்கி லொறி) வரிசையில் நான் நின்ற நேரம் பிள்ளையைக் காணவில்லை. எல்லாக் கூடாரமும் ஒரே மாதிரி. வழி தெரியாமல் அலைந்திருக்கிறான். கண்டுபிடித்ததும் நான் அணைக்கவில்லை, செருப்பைக் கழற்றி அடித்தேன். முள்ளிவாய்க்கால் வரைக்கும் கையை விடாமல் இழுத்துக்கொண்டு வந்த பிள்ளையை, கை ஓயும்வரை அடித்தேன்.

அடுத்த கூடாரத்து ஆச்சி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். ஏன் அடிக்கிறாய் என்று ஒரு சொல் கேட்கவில்லை. "நீ போய்ப் படு பிள்ளை. தண்ணி நான் எடுக்கிறன், பெடியனும் என்னோட நிக்கட்டும்" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் இரண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டேன். எழும்பி வந்துதான் அவனைத் தூக்கினேன். அதன்பிறகு காலையில் நாலைந்து பிள்ளைகள் ஆச்சியோடு இருப்பார்கள், தாய்மார் முறைவைத்துத் தண்ணீர் எடுப்போம். அடிப்பதை ஒரேயடியாக விட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன். குறைந்தது.

அதனால், அந்தத் தாயின் கையில் இருக்கிற வாளியை முதலில் வாங்குங்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம் அமைத்தால், தொண்டர்களுக்கு வசதியான பின்னேரத்தில் மட்டும் திறக்காதீர்கள். பௌசர் வருகிற நேரத்திலும் நிவாரணம் கொடுக்கிற நேரத்திலும் திறந்து வையுங்கள். அடி விழுவது அந்த நேரங்களில்தான்.

அடுத்தது தகவல். மகன் இரவில் படுக்கையில் சலம் போகத் தொடங்கினான். இவ்வளவு வளர்ந்த பிள்ளை வேண்டுமென்றே செய்கிறது என்று நினைத்து அதற்கும் அடித்தேன். பயந்த பிள்ளைக்கு அது வழமை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சிரியாவில் போர் நடந்தபோது மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இப்படியான நேரத்தில் பிள்ளைகளை எப்படிக் கவனிப்பது என்று ஒரு துண்டுப்பிரசுரம் தயாரித்தார்கள். அங்கு வேலைசெய்த ஒரு தொண்டு நிறுவனம் 3,000 பிரதிகளை, கருத்துக் கேட்கும் தாளோடு சேர்த்து, ரொட்டியோடு சுற்றிக் கொடுத்தது. கிட்டத்தட்ட 60 வீதமான தாள்கள் நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தன. குண்டு விழுகிற ஊரில் பேனை தேடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்! முகாமில் இருக்கிற பெற்றோருக்குப் பிள்ளைகளில் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

தகப்பன்மாரையும் விடாதீர்கள். 2004 சுனாமி முடிந்த கையோடு வடக்கு கிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 95 வீதத்துக்கும் மேலானோர் வீட்டுக்குள் ஏதோ ஒரு வகைக் கொடுமையைக் கண்டிருந்தார்கள் அல்லது பட்டிருந்தார்கள். தகப்பனின் குடியும் முன்பு பட்ட போர் அனுபவமும் கூடிய இடத்தில் பிள்ளை பட்ட கொடுமையும் கூடியிருந்தது. கூட்டம் என்று கூப்பிட்டால் ஆண்கள் வருவது குறைவு. கொட்டில் போட, தறப்பாள் கட்டக் கூப்பிடுங்கள், வருவார்கள். கம்பு நடும்போது தானாகக் கதை வரும்.

ஆனால் எல்லாவற்றையும் கஷ்டத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சூடு வைத்த காயமோ பாலியல் தொல்லையோ தெரிந்தால், இலங்கையில் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அன்றைக்கே அழையுங்கள்.

மகன் இப்போது வளர்ந்த ஆள். சில வருடங்களுக்கு முன் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். "செருப்பால அடிச்சது ஞாபகம் இருக்கம்மா. ஏன் எண்டுதான் விளங்கேல்லை" என்றான். உன்னைக் காணவில்லை என்று பயந்துபோனேன் என்று அன்றுதான் சொன்னேன். நீங்கள் சந்திக்கப்போகிற தாய், ஒரு நித்திரை கொண்டு எழும்பின பிறகு, பிள்ளையைக் கூப்பிட்டு அதை அன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள்.